உங்களுக்குத் தெரியுமா? எருசலேமின் மொட்டைமாடிக் கொண்டாட்டம்

எருசலேம் ஆடிப்பாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி அதற்காக அழுதார்! ஏசாயா புத்தகத்தின் 22ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. ஜனங்கள் மொட்டைமாடிகளில் ஏறி ஆரவாரம் செய்கிறார்கள். தலையைச் சிரைத்து, இரட்டு உடுத்திப் புலம்ப வேண்டிய நாளில் ஆடு மாடுகளை அடித்து விருந்து வைக்கிறார்கள், திராட்சரசம் ஓடுகிறது.

கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மீது படையெடுத்த சமயத்தோடு ஆய்வாளர்கள் பலர் இதை இணைக்கிறார்கள். யூதாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாக அவனுடைய களிமண் பட்டயம் பெருமையடிக்கிறது. யூதாவின் லாகீசு நகரம் வீழ்ந்தது, எருசலேம் தப்பியது. அண்டை ஊர்கள் அழிந்து கிடக்கையில் போட்ட கும்மாளமா இது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆபத்து வந்தபோது எருசலேம் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வீடுகளை இடித்து மதிலைப் பலப்படுத்தினார்கள், தண்ணீரைத் தேக்கினார்கள். கடவுளை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் ஏசாயாவின் ஆதங்கம்.

அந்த ஏற்பாடுகளின் தடயங்களை எருசலேமில் இன்றும் பார்க்கலாம். தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் 1970 வாக்கில் தோண்டியெடுத்த மதிலின் தடிமன் சுமார் 7 மீட்டர். அதன் வழியில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டிருப்பது சுவர் அடித்தளங்களில் தெரிகிறது. அப்போது யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா வெட்டியதாகக் கருதப்படும் சீலோவாம் சுரங்கக் கால்வாயின் நீளம் 533 மீட்டர்; முழுக்கப் பாறையில் குடைந்தது. இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்டு நடுவில் சந்தித்ததை, 1880இல் அங்கே கிடைத்த கல்வெட்டு சொல்கிறது.