கடைசியாக வருபவருக்கா கதவடைப்பு?

டிசம்பர் 31-க்குப் பிறகு போன்பே, ஜிபே நின்றுவிடுமா? அருப்புக்கோட்டை, எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி வட்டாரத்து வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. நிற்காது. ஏற்கெனவே வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டாம். 2026 டிசம்பர் 31 என்பது அந்த நிறுவனங்களுக்கு வைத்த கெடு. மொத்த யூபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையில் எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில், யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அறிவித்தது. இரண்டு முறை தள்ளிப்போன கெடு இது. போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன.

மக்கள் ஏன் யூபிஐ-க்கு மாறினார்கள்?

பணமதிப்பு நீக்கம்தான் மாற்றியது என்பார்கள் அரசுத் தரப்பினர். 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்கத்து ரொக்கம் 2024 மார்ச்சில் ஏறக்குறைய 35 லட்சம் கோடி ஆகியிருக்கிறது. அந்த விளக்கம் இந்தக் கணக்கில் நிற்காது. மேற்சொன்ன ஊர்கள் இருக்கும் விருதுநகரை 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தபோது 'நிதி உள்ளடக்கம்' என்று எண்ணப்பட்டவை ஜன் தன் கணக்குகளும் முத்ரா கடன்களும் காப்பீட்டுச் சேர்க்கைகளும். கணக்குத் திறப்பது வேறு, அதிலிருந்து கடையில் காசு கொடுப்பது வேறு. இரண்டாவதைச் சாதித்தவர் கடைக்காரர். 2020 ஜனவரி 1 முதல் யூபிஐ-க்குக் கட்டணம் இல்லை என்றானதும், டீக்கடையில் வாங்கிய பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே கணக்கில் ஏறியது. வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி வந்த பிறகு, கண்ணாடியைத் தேடிக் குறுஞ்செய்தி படிக்கும் வேலையும் போயிற்று. வாங்குபவர் நம்பினார், கொடுப்பவர் மாறினார். எந்தச் செயலி என்பதை முடிவு செய்தவர் சொல்லிக்கொடுத்தவர். வெளியூர் வேலைக்குப் போகும் மகன் தன் போனில் இருப்பதையே அம்மாவின் போனிலும் ஏற்றித் தருகிறான். அவன் இல்லாதபோது ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான் தெரியும். மக்கள் மாறியதற்கும், எல்லாம் இரண்டு நிறுவனங்களிடம் குவிந்ததற்கும் வேர் ஒன்றே.

வரம்பு மீறினால் அடி யாருக்கு?

2021 மார்ச்சில் வந்த நடைமுறைப்படி, வரம்பைத் தாண்டும் செயலி புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது. தவறு நிறுவனத்துடையது, கதவடைப்பு இன்னும் உள்ளே வராதவருக்கு. அவர் யார்? நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக்கு வந்தும், ரொக்கமாக எடுத்தே செலவழிக்கும் கரிசல்காட்டுப் பெண்மணி. ஊரே பழகிய செயலியை அவருக்கு மட்டும் மறுத்துவிட்டு, யாருக்கும் பழக்கமில்லாத ஒன்றைக் காட்டினால் அவர் ரொக்கத்துக்கே திரும்புவார். இரண்டு நிறுவனங்கள் படுத்தால் நாடே படுத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம். ஆனால் 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் நாடெங்கும் யூபிஐ தடுமாறியபோது, பிசகு தனியொரு செயலியில் இல்லை. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான மைய அமைப்பே திணறியது. போட்டி வளரட்டும் என்பதுதான் நோக்கமென்றால், வாட்ஸ்அப்பின் யூபிஐ சேவையில் சேர்வோருக்கு 2020-ல் இரண்டு கோடி என்று உச்சவரம்பு போட்டு, அதைப் படிப்படியாகத் தளர்த்தி, 2024 டிசம்பர் 31 வரை நீட்டித்தது ஏன்? கட்டணமில்லாத தொழிலில் புதிய செயலிக்கு வருமானமும் இல்லை. 2024-25-க்கு மத்திய அரசு ஒதுக்கிய 1,500 கோடி ரூபாய் போன்ற ஊக்கத்தொகையில் சிறு செயலிகளுக்குக் கூடுதல் பங்கு கொடுப்பதே நேர்வழி. குவிந்ததைப் பரப்பும் செலவைக் கடைசியாக வருபவர் தலையில் கட்டுவது அநியாயம்.

இனிச் சில குறுங்கேள்விகள். பட்டன் போனில் யூபிஐ முடியுமா? முடியும், 2022 மார்ச்சில் வந்த யூபிஐ 123பே அதற்குத்தான்.

பணம் பெற ரகசிய எண் போட வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கெடு மறுபடி தள்ளிப்போகுமா? போகலாம், அதை நம்பி இருக்க வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்? வீட்டில் இன்னும் சேராதவர் விரும்பினால், சொல்லிக்கொடுக்க ஆள் ஊரில் இருக்கும்போதே, டிசம்பருக்கு முன் சேர்த்துவிடுங்கள்.