நோய்க்குத் தக்க மருந்து: ஒரு கார்த் தொழிற்சாலை தரும் பாடம்

கடையில் பட்டியல் போடுவதில் தவறு நேர்கிறது. உடனே ஆளை மாற்றுகிறோம். அல்லது கடன் வாங்கியாவது புதிய இயந்திரம் வாங்குகிறோம். அடுத்த மாதமும் அதே தவறு! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறோம். கூரை முழுதும் உளுத்திருக்க, ஒரே ஓர் ஓடு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

பிரச்சினையின் அளவை அறிந்து தீர்வின் அளவைத் தேர்ந்தெடுப்பது பெரிய பெரிய பொறியியல் நிறுவனங்களுக்கே எளிதாக இருந்ததில்லை. அமெரிக்கக் கார்த் தொழிலில் 1980-களில் நடந்தவை இதற்குச் சான்று.

மூடிய ஆலை திறந்தது

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை 1982-இல் மூடப்பட்டது. நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. தரமோ மிக மோசம். "தொழிலாளர்கள் சரியில்லை" என்பதே பலரின் முடிவு.

அதே ஆலையை ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984-இல் திறந்தன. அதன் பெயர் நம்மி. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. மாறியது வேலைமுறை. அதன் முக்கியக் கருவி, தலைக்கு மேல் தொங்கிய ஒரு கயிறு!

குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார். மணி ஒலிக்கும், பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்தைக் கார் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் வேலை தொடரும். முடியாவிட்டால் மட்டுமே வரிசை நிற்கும். அதாவது, குறை தோன்றிய இடத்திலேயே முதல் முயற்சி. அங்கே தீராதது மட்டுமே மேலே போகும்.

விளைவு என்ன? 1990-இல் வெளிவந்த எம்.ஐ.டி. ஆய்வு நூலின்படி, ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பொருத்த 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. நம்மியில் 19 மணி நேரமே. 100 கார்களுக்குக் குறைகள் அங்கே 135, இங்கே 45.

அளவு தவறிய இரு மருந்துகள்

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் இயந்திர மனிதர்களையும் நவீனத் தளவாடங்களையும் புகுத்தப் பல ஆயிரம் கோடி டாலர் செலவிட்டது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. வேலைமுறையில் இருந்த கோளாறுக்கு இயந்திரத்தில் மருந்து தேடினால் எப்படிக் கிட்டும்?

இன்னொரு ஆலை வான் நைஸ். நம்மியின் குழு முறை அங்கே 1987-இல் கொண்டுவரப்பட்டது. ஆனால் தொழிலாளர் மனம் ஒன்றவில்லை. மேலாளர் பழக்கமும் எளிதில் மாறவில்லை. 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. கயிறு சிறியதுதான், ஆனால் அதை இழுப்பவனைத் திட்டாத நிர்வாகம் இல்லையேல் அது வெறும் கயிறே. நிர்வாகமே மாற வேண்டிய இடத்தில் சின்ன மருந்து போதாது.

நம் கடைக்கு வருவோம்

இந்த டொயோட்டா முறைக்கு வழிகாட்டியது ஒரு கடை என்றால் வியப்பாக இருக்கும்! வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரியை மறுபடி நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் முறையைக் கண்டுதான் தைச்சி ஓனோ என்ற பொறியாளர், உதிரிபாகங்களுக்குச் சீட்டு முறை வகுத்தார். கடைக்காரரிடம் ஆலை கற்றது. அதை நாம் திரும்பக் கற்கலாமே!

சரக்கு தீர்ந்தது தெரியாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறோமா? கணிப்பொறி வாங்குமுன், கடைசி மூட்டைக்கு முந்திய மூட்டையில் ஒரு சீட்டைச் செருகிப் பாருங்கள். சீட்டு கைக்கு வந்தால் கொள்முதல் செய்ய வேண்டும். ஒரு மாதம் பார்த்தும் தீராவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரே தவறு ஆளை மாற்றியும் தொடர்ந்தால், குற்றம் ஆளிடம் இல்லை, முறையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறைச் சொல்ல வரும் பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் வாய் மூடிக்கொண்டால், நோய் சிறிதா பெரிதா என்பதே முதலாளிக்குத் தெரியாமல் போய்விடும்.