காலை வாரினால் மட்டும் போதாது

1951 அக்டோபர் 23. ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசியும் மோதினார்கள். கிமுராவின் பெயர்பெற்ற ஆயுதம் ஓசோட்டோ காரி. எதிராளியின் பக்கவாட்டில் நுழைந்து, அவர் எடை தாங்கி நிற்கும் காலை வெளிப்புறமாகப் பின்னாலிருந்து வாரி, மல்லாக்கச் சாய்க்கும் வீச்சு அது. மரத்தை எதிராளியாக வைத்துக்கொண்டு அதை அவர் விடாமல் பழகியவர்.

அன்று ஹீலியோவைக் கிமுரா திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டார். ஜூடோ போட்டியாக இருந்தால் முதல் சுத்தமான வீச்சிலேயே ஆட்டம் முடிந்திருக்கும். இங்கே விதி வேறு. எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நினைவிழக்க வேண்டும். வீச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை. விரிப்பு மென்மையாக இருந்ததால் வீச்சுகள் ஹீலியோவைப் பாதிக்கவில்லை என்று கிமுரா பின்னாளில் எழுதினார். இரண்டாவது சுற்றில், தரையில்தான் முடிவு வந்தது. ஹீலியோவின் கையைக் கிமுரா முதுகுப் பக்கமாக முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ விட்டுக்கொடுக்கவில்லை, அவருடைய அண்ணன் கார்லோஸ் கிரேசி தலையிட்டுத் தோல்வியை ஏற்றார். அந்தக் கைப்பூட்டுக்குப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இன்றுவரை 'கிமுரா' என்றே பெயர்.

ஜூடோவும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கலைகள். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மரபில் வந்த மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலில் கால்வைத்தார். அவரிடம் கற்றவர்தான் கார்லோஸ் கிரேசி. பிறகு ஜூடோ நின்றபடி வீழ்த்துவதில் கூர்மையடைந்தது, பிரேசிலியக் கிளை தரையில் மடக்குவதில் ஆழ்ந்தது. கோடோகன் வகுத்த ஐந்து வீச்சுத் தொகுதிகளில் முதலாவதிலேயே ஓசோட்டோ காரி இருக்கிறது. வெள்ளைப் பட்டை கட்டிய புதியவர் தொடக்கத்திலேயே கற்கும் வீச்சுகளில் அதுவும் ஒன்று. ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்த பிரான்சின் டெடி ரினேர் நம்பியதும் அதுதான்.

அதன் வலிமை எங்கே இருக்கிறது? நிமிர்ந்து நிற்கும் மனிதரின் எடைக்கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாதத்தில் விழுகிறது. முன்பக்கம் சாய்ந்தால் பாதத்தின் நீளமும் விரல்களும் தாங்கும். பின்பக்கமோ குதிகால் சில சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிச் சாய்கிறவர் விழாமலிருக்க ஒரே வழி, ஒரு காலைப் பின்னால் எடுத்து வைப்பது.

ஓசோட்டோ காரி அந்த வழியைத்தான் அடைக்கிறது. வலது கை எதிராளியின் காலரையும், இடது கை அவருடைய வலது சட்டைக்கையையும் பற்றியிருக்கும். வீசுபவர் தன் இடது காலை எதிராளியின் வலது பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றி, நெஞ்சோடு நெஞ்சு நெருங்கி, அவருடைய எடை முழுவதையும் அந்த வலது குதிகாலில் ஏற்றுகிறார். எடை சுமக்கும் காலை யாராலும் சட்டென்று தூக்க முடியாது. அந்த நொடியில் வீசுபவரின் வலது கால் பின்னாலிருந்து அதை வாருகிறது. மேலுடல் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, கால் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. பேருந்து ஓட்டுநர் ஸ்டீயரிங்கின் ஒரு பக்கத்தை மேலே தள்ளி மறுபக்கத்தைக் கீழே இழுப்பது போல, எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரண்டு விசைகள் சேர்ந்து உடலைச் சுழற்றுகின்றன. இயற்பியல் பாடத்தில் 'இரட்டை' என்று படிப்பது இதைத்தான். ஜூடோ வீச்சுகளை இயற்பியல் நோக்கில் வகைப்படுத்திய இத்தாலிய ஆய்வாளர் அட்டிலியோ சக்ரிபாண்டி, நெம்புகோல் வீச்சுகளிலிருந்து பிரித்து ஓசோட்டோ காரியை இந்த வகையில்தான் சேர்த்தார்.

ஜியு-ஜிட்சு களத்தில் முதல் சிக்கல் எதிராளியின் நிற்கும் விதம். பலர் இடுப்பைப் பின்னுக்கு வைத்து முன்னால் குனிந்து நிற்கிறார்கள். எடை விரல்களின் மேல் இருக்கிறது. குதிகால்வரை அதைக் கொண்டுபோக நெடுந்தூரம் தள்ள வேண்டும். குனிந்திருப்பவர் மேல் நேரடியாக ஓசோட்டோ காரி போடுவது பெரும்பாலும் வீண்முயற்சி. அனுபவசாலிகள் முதலில் காலரைக் கீழே அழுத்தி இழுப்பார்கள். தலை தாழ்ந்தவர் தன்னையறியாமல் நிமிர்வார். அந்த நிமிர்வுதான் வாசல்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடுமையானது. வாரும் கணத்தில் வீசுபவரும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். எதிராளி அசையாமல் தாங்கிவிட்டால், அதே வீச்சு வீசியவர் மீதே திரும்பும். இல்லையென்றால் அரைகுறையாகத் திரும்பிய அவருடைய முதுகு எதிராளிக்குக் கிடைத்துவிடும். ஜூடோவில் தரையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நடுவர் விரைவிலேயே இருவரையும் எழுப்பிவிடுவார். ஜியு-ஜிட்சுவில் அந்த மீட்பு இல்லை. முதுகைப் பிடித்து இரு கால்களையும் கொக்கியாக மாட்டினால் 4 புள்ளிகள். அடுத்து கழுத்து நெரிபடும். தோற்ற ஒரு வீச்சுக்கு இவ்வளவு விலை இருப்பதால்தான் பலர் நின்று மோதாமல் தாங்களாகவே உட்கார்ந்து, கால்களுக்கிடையில் எதிராளியை இழுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் இதைக் கற்பது தகும். காரணம், விழும் இடம். காலின் உட்புறமாக வாரும் ஓயூச்சி காரியில் வீழ்த்தியவர் எதிராளியின் இரு கால்களுக்கு நடுவே போய் விழுகிறார். ஜியு-ஜிட்சு வீரருக்கு அந்தக் கால்கள்தான் கோட்டை. அதைத் தாண்டுவதற்குள் பாதி ஆட்டம் போய்விடும். ஓசோட்டோ காரியோ எதிராளியின் பக்கவாட்டில், கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் இறக்குகிறது. இடது கை சட்டைக்கையை விடாமல் வைத்திருந்தால், கைப்பூட்டுக்கான கையும் ஏற்கெனவே கைவசம் இருக்கும்.

இந்த வேறுபாட்டை எல்லா விதிகளும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி வீழ்த்தி மூன்று வினாடி கட்டுப்படுத்தினால் 2 புள்ளிகள். எங்கே விழுந்தாலும் அவ்வளவுதான். உடுப்பைப் பிடிக்காமல் மோதும் ஏடிசிசி போட்டியில் கால்களைத் தாண்டிய நிலையில் முடியும் சுத்தமான வீழ்த்தலுக்கு 4 புள்ளிகள், கால்களுக்கிடையில் முடிந்தால் 2. வீச்சின் உண்மையான பயனை ஏடிசிசிதான் சரியாக எடைபோடுகிறது.

இந்த வீச்சை யார்மேல் பழகுகிறோம் என்பதில் விளையாட்டுத்தனம் கூடாது. பின்னோக்கி விழுகிறவரின் தலை கடைசியில், மிக வேகமாகத் தரையை நெருங்குகிறது. தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது, மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சூழ்ந்த உறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் கிழிந்து இரத்தம் கசியலாம். தலை தரையில் மோதாமலேயே இது நேரக்கூடும். ஜப்பானில் ஜூடோ தலைக்காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் கட்டுரைகளில் ஓசோட்டோ காரி அடிக்கடி இடம்பெறுகிறது. அந்நாட்டுப் பள்ளிகளில் 1983-க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் உயிரிழந்ததை நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிடா வெளிக்கொணர்ந்தார். தலைக்காயமே அவற்றில் முதன்மைக் காரணம்.

ஜூடோ கூடங்களில் விழும் கலையைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், கையால் விரிப்பை அறை, மூச்சை அடக்காதே. ஜியு-ஜிட்சு கூடங்கள் பலவற்றில் பயிற்சி முழங்காலிட்ட நிலையிலேயே தொடங்குகிறது. அங்கே நீலப் பட்டை வாங்கியவருக்குக்கூட மல்லாக்க விழத் தெரியாமலிருக்கலாம். அவர்மேல் முழு வேகத்தில் ஓசோட்டோ காரி போடுவது குற்றம் என்றே சொல்ல வேண்டும். முதலில் தடித்த மெத்தையில், சட்டைக்கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, வீழ்பவரின் தலை தரைக்கு எட்டாதபடி மெதுவாக இறக்க வேண்டும். வீசுபவர் தன் எடையோடு அவர்மேல் சரியக் கூடாது. விழுகிறவர் தாடையை ஒடுக்க மறக்கிறார் என்றால், அன்றைக்கு வீச்சை நிறுத்திவிட்டு விழும் பயிற்சிக்குத் திரும்புவதுதான் பயிற்றுநரின் வேலை.