நாணயக் கடிதமும் பகிஷ்காரமும்

கடல் கடந்த வாணிகத்தில் விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது அரிது. சரக்கை அனுப்பியபின் பணம் வாராதொழியுமோ என விற்பவன் அஞ்சுகிறான். பணத்தைக் கொடுத்தபின் சரக்கு வாராதொழியுமோ என வாங்குபவன் அஞ்சுகிறான். இவ்விரு அச்சங்களையும் தீர்த்துவைக்க எழுந்ததே நாணயக் கடிதம். வாங்குபவனுடைய வங்கி, இன்னின்ன பத்திரங்களைக் கொணர்ந்து காட்டினால் இவ்வளவு பணம் தருவோம் என்று விற்பவனுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே அது. விலைச்சிட்டை, சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு, காப்புறுதிப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவை அப்பத்திரங்களாகும்.

இங்கே வங்கி பார்ப்பது பத்திரங்களையேயன்றிச் சரக்கையன்று. பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1933 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்தி, 2007 ஆம் ஆண்டு முதல் புதிய வடிவில் வழங்கிவரும் பொதுவிதிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. கேட்ட பத்திரங்களுள் ஒன்று குறைந்தாலும் வங்கி பணங் கொடுக்க மறுக்கலாம். இந்தக் கண்டிப்பே நாணயக் கடிதத்தின் பலம். ஆனால், பத்திரங்களின் நிரலிலே வாணிகத்தோடு தொடர்பில்லாத ஒரு நிபந்தனையை எவரேனும் நுழைத்துவிட்டால் நிகழ்வது யாது? அதற்கும் விற்பவன் இணங்கியே ஆகவேண்டும்; இன்றேல் பணம் இல்லை. நாடுகளுக்கிடையேயுள்ள பகை வங்கியின் மேசைக்கு வந்துசேர்ந்தது இவ்வழியாகவே.

பகிஷ்காரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு மனிதரின் பெயராகும். 1880 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோப் பகுதியில், நிலப்பிரபு ஒருவரின் முகவராயிருந்த சார்ல்ஸ் பொய்கொட் என்பவரோடு குடியானவர் எவரும் கொடுக்கல் வாங்கல் செய்யாது ஒதுக்கிவைத்தனர். ஆயுதமேந்தாது எதிரியைப் பணியவைக்கும் அம்முறை, அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று.

1945 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பலஸ்தீனத்து யூதர்களின் உற்பத்திப் பொருள்களை வாங்குவதில்லையென அரபு லீக் தீர்மானித்தது. 1948 இல் இஸ்ரேல் என்னும் அரசு தோன்றியபின் இப்பகிஷ்காரம் விரிவடைந்தது. டமஸ்கஸ் நகரிலே அதற்கென மத்திய காரியாலயம் ஒன்றும் நிறுவப்பட்டது. பகிஷ்காரம் மூன்று படிகளை உடையதாயிற்று. இஸ்ரேலோடு நேரே வாணிகஞ் செய்யாதிருத்தல் முதற்படி. இஸ்ரேலுக்கு உதவும் பிறநாட்டுக் கம்பனிகளைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்து ஒதுக்குதல் இரண்டாம் படி. அப்பட்டியலிலுள்ள கம்பனிகளோடு உறவுடைய ஏனையோரையும் ஒதுக்குதல் மூன்றாம் படி. முதற்படி இரு தரத்தாரின் வழக்கு. ஏனைய இரண்டுமோ அவ்வழக்கோடு தொடர்பில்லாத மூன்றாம் மனிதரின் வாயிலைச் சென்று தட்டுவன.

அது எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதற்கு 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சியொன்று சான்றாகும். நோர்விச் யூனியன் என்னும் காப்புறுதிக் கம்பனியின் லண்டன் சபையில் யூதரான மான்குரொவ்ட் பிரபு அங்கம் வகித்தார். அரபு நாடுகளின் நெருக்குதலையடுத்து அவர் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழவே, கம்பனி அவரைத் திரும்ப அழைத்தது. அவர் ஏற்க மறுத்துவிட்டார். காப்புறுதிப் பத்திரத்துக்கும் ஒருவர் பிறந்த மதத்துக்கும் யாது தொடர்பு என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவே பின்னர் வந்த சட்டங்களுக்கெல்லாம் உயிர்நாடியாயிற்று.

ஐக்கிய அமெரிக்கா, இத்தகைய கோரிக்கைகள் தன் வணிகரை வந்தடைந்தால் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டுமென 1965 இலேயே விதித்தது. எனினும் தடை விதிக்கவில்லை. 1973 இன் பின் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. அரபு நாடுகளின் கொள்வனவுச் சக்தி பெருகியது. அவர்களின் நிபந்தனைகளும் வலுப்பெற்றன. ஆகவே 1976 இல் காங்கிரஸ் சபை, பகிஷ்காரத்துக்கு இணங்கும் கம்பனிகளின் வரிச்சலுகையைக் குறைத்தது. 1977 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், அவ்வாறு இணங்குவதையே குற்றமாக்கியது. அச்சட்டத்தின் ஒரு பகுதி வங்கிகளுக்கென்றே அமைந்தது. தடுக்கப்பட்ட நிபந்தனையைக் கொண்ட நாணயக் கடிதத்துக்கு அமெரிக்க வங்கி பணங் கொடுத்தலோ, அதனை உறுதிப்படுத்தலோ, வேறெவ்வகையிலேனும் நிறைவேற்றுதலோ கூடாது. அமெரிக்க மண்ணில் இயங்கும் பிறநாட்டு வங்கிகளின் கிளைகளும் இவ்விதிக்கு உட்பட்டனவே.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். அமெரிக்க உற்பத்தியாளர் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரங்களைக் குவைத்துக்கு அனுப்புகின்றார் எனக் கொள்வோம். "இச்சரக்கு இஸ்ரேலில் ஆக்கப்பட்டதன்று, இஸ்ரேலிய மூலப்பொருள் எதுவும் இதிற் சேரவில்லை" என்று சான்று கேட்கிறது நாணயக் கடிதம். அச்சான்றை அளித்தல் கூடாது. "இச்சரக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கப்பட்டது" என்று சான்றளித்தல் கூடும். கப்பலைப் பற்றியும் இவ்வாறே. "இக்கப்பல் கறுப்புப் பட்டியலில் இல்லை" என்பது விலக்கப்பட்டது. "இக்கப்பல் குவைத்துத் துறைமுகத்துட் புகத் தகுதியுடையது" எனக் கப்பற் சொந்தக்காரரோ கப்பற்றலைவரோ கூறுவது அனுமதிக்கப்பட்டது.

இரண்டும் ஒன்றுதானே, சொல்லில் மட்டுமே வேற்றுமை என ஒருவர் வினவலாம். வேற்றுமை சொல்லில் மட்டுமன்று. தான் வாங்கும் பொருள் எங்கே ஆக்கப்பட்டது என அறிதல் எந்நாட்டுக்கும் உரிய உரிமை. வேறொருவனை விலக்கிவைத்தேன் என்று விற்பவனிடம் வாக்குமூலம் பெறுவதோ அவனையும் பகையிற் பங்காளியாக்குவதாகும். இச்சட்டம் வந்தபின் அரபு நாடுகள் பல எதிர்மறைச் சான்றை விடுத்து உடன்பாட்டுச் சான்றை ஏற்கத் தலைப்பட்டன. வாணிகம் நின்றுவிடவில்லை, வாசகமே மாறியது.

இதனால் வங்கியின் பணி கடினமாயிற்று. கேட்ட பத்திரம் அனைத்தும் வேண்டும் என்கிறது வணிக மரபு. இப்பத்திரத்தைக் கேளாதே என்கிறது சட்டம். ஆதலின் வங்கி இலிகிதர் ஒவ்வொரு கடிதத்தையும் வரிவரியாக வாசிக்கின்றார். குற்றமுள்ள வரி காணப்படின், திருத்தும்வரை அக்கடிதம் நிறைவேற்றப்படமாட்டாது. பணங் கொடுக்கவில்லையென எவரேனும் வழக்குத் தொடுப்பின், இச்சட்டத்துக்கு அமைந்தேன் என்பதே வங்கிக்குப் பூரணமான எதிர்வாதமாகும். கோரிக்கைக்கு இணங்க மறுத்தால் மட்டும் போதாது; கோரிக்கை வந்தது என்பதையும் வர்த்தகத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். வாளாவிருத்தலும் இங்கே குற்றமே. 1993 இல் பாக்ஸ்டர் என்னும் மருத்துவப்பொருட் கம்பனி, கறுப்புப் பட்டியலிலிருந்து நீங்கும் முயற்சியில் இச்சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொண்டு, 60 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் செலுத்தியது.

இச்சட்டத்துக்கு மறுப்புரைப்போரும் உளர். 1948 ஆம் ஆண்டுப் போரில் இலட்சக்கணக்கான பலஸ்தீனியர் வீடிழந்து அகதிகளாயினர்; அவர்கள் சார்பில் அரபு நாடுகள் எடுத்த ஆயுதந்தான் பகிஷ்காரம் என்பர். கியூபா முதலிய நாடுகள்மீது தானே வாணிகத் தடை விதித்த ஐக்கிய அமெரிக்கா, பிறர் பகிஷ்காரத்தைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும் என்றும் வினவுவர். இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தன் அரசாங்கம் ஏற்காத பிறநாட்டுப் பகிஷ்காரத்துக்குத் தன் குடிகள் கருவியாகலாகாது என்பதே சட்டத்தின் நோக்கம். பகிஷ்காரம் முழுவதையும் அது பழிக்கவில்லை. பிறநாட்டின் கோரிக்கைக்கு இணங்காது, தன் மனச்சாட்சியின்படி ஒரு பொருளை வாங்காதுவிடும் தனிமனிதனை அது தண்டிப்பதுமில்லை.

காலமும் மாறியுள்ளது. 1979 இல் எகிப்தும் 1994 இல் யோர்தானும் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை செய்தன. வளைகுடா அரசுகள் இரண்டாம் மூன்றாம் படிகளைக் கைவிடுவதாக 1994 இல் அறிவித்தன. ஐக்கிய அரபு அமீரகம் தன் பகிஷ்காரச் சட்டத்தை 2020 இல் நீக்கியது. ஆயினும் பழைய வாசகங்கள் அச்சுப் படிவங்களிலே நெடுநாள் வாழ்கின்றன. ஆகவே 2018 இல் அமெரிக்கா தன் சட்டத்தைப் புதுப்பித்தது. இத்தகைய கோரிக்கைகளை விடுத்தோரின் பெயர்ப்பட்டியலை 2024 முதல் வெளியிடவும் தொடங்கியது.

விற்பவனையும் வாங்குபவனையும் இணைக்கும் நம்பிக்கையே நாணயக் கடிதத்தின் பொருள். சரக்கு நல்லதா, கணக்குச் சரியா, குறித்த நாளிற் கப்பலேறியதா என்பன அது கேட்கத்தக்க கேள்விகள். நீ எம்மதத்தவன், யாரோடு உறவுடையாய் என்னும் கேள்வி அக்கடிதத்தினுள் நுழையுமாயின், வாணிகம் விசாரணையாக மாறிவிடும். அந்த ஒரு வரியைக் கண்டு, இதனைத் திருத்தி அனுப்புக என்று எழுதும் வங்கி இலிகிதரின் பெயரை எவரும் அறியார். எனினும் முன்பின் அறியாத எத்தனையோ மனிதரின் மானம் அவருடைய கூர்ந்த பார்வையாற் காக்கப்படுகின்றது.