உஷார்! அந்த லெதர் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?

தீபம் நெருங்குகிறது. திருவண்ணாமலையில் மாடியில் ஒரே ஒரு ரூம் வைத்திருப்பவர்கள்கூட இந்த நாட்களில் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாக நிற்கிறார்கள். தீபத்துக்கு வருகிறவர்கள், மாதா மாதம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற வருகிறவர்கள், ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் அறை வேண்டும். அறைக்கு ஒரு களை வேண்டும் என்று நினைப்பவர்களின் கண் இப்போது பழைய லெதர் சோபாவின் மேல் விழுந்திருக்கிறது. ‘விண்டேஜ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமானுக்கும் விலை ஏறிவிடுகிறது.

அவசரப்படாதீர்கள். என் அக்கா அவசரப்பட்டார். அவர் பட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செங்கம் ரோடு பக்கம் ஒரு சந்தில் அக்காவின் வீடு. மாடியில் இரண்டு அறைகள் கட்டி விருந்தினர்களுக்கு விடுகிறார். போன வருஷம் ஐப்பசியில் பழைய பர்னிச்சர் விற்கிற ஒருவர் ஒரு மூன்று இருக்கை சோபாவைக் காட்டினார். கரும்பழுப்பு நிறம், கைப்பிடி நெடுகப் பித்தளைக் குமிழ் ஆணி. இந்த ஊரில் முப்பது வருஷம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது, அசல் ஆம்பூர் லெதர், அறுபது வருஷப் பழசு என்றெல்லாம் கதை. 48,000 ரூபாய். குட்டி யானையில் ஏற்றி, மாடிப்படியில் நாலு பேர் தூக்கி வைத்தார்கள். “தொட்டுப் பாருடா தம்பி, எப்படி மெத்துனு இருக்கு!” என்று அக்கா பூரித்துப்போய்ச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நானும் தொட்டுத்தான் பார்த்தேன். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

தீபத்துக்கு மறுநாள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்து எழுந்தார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் பழுப்புச் செதில்கள், பாம்புச் சட்டை உரிந்த மாதிரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் கூசிப்போனார். பொங்கலுக்குள் இருக்கை மூன்றும் திட்டுத்திட்டாக உரிந்து உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. சோபா ரிப்பேர்காரர் வந்து கவிழ்த்து, அடிப்பக்கத்துக் கறுப்புத் துணியைக் கிழித்தார். உள்ளே பேக்கிங் மரச்சட்டம், பிளைவுட், பளபளவென்று புது ஸ்டேப்ளர் பின்கள், கையில் எடுத்தால் மாவாகிற ஸ்பான்ஜ். “அக்கா, இது தோல் இல்ல, தோல் தூள். தூளைப் பசையில குழைச்சுத் துணி மேல அப்பியிருக்காங்க” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தோல் பட்டறைகளில் வெட்டி விழுகிற துண்டு துணுக்குகளை அரைத்து, பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பசையோடு சேர்த்துத் தாளாக்கி, மேலே தோல் மாதிரியே ரேகை அச்சடித்து விற்பதற்கு ‘பாண்டட் லெதர்’ என்று பெயர். லெதர் என்று சொன்னது பொய்யில்லை என்று விற்றவர் சாதிக்கலாம். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் பூச்சுக்கு ஈரம்தான் எமன். காற்றிலுள்ள ஈரப்பதம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பிணைப்பை அறுக்கும். சில வருஷங்களில் மேல்தோல் கழன்று செதில் செதிலாக வரும். பி.யு. லெதர் என்று விற்கிற முழுச் செயற்கைச் சரக்குக்கும் இதே கதிதான். நம் ஊரில் சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறினால் சொல்லவே வேண்டாம். உரிய ஆரம்பித்துவிட்டால் ஒட்டவைக்க மருந்து கிடையாது. மேலே பெயின்ட் ஸ்பிரே அடித்து, ஷூ பாலிஷ் தேய்த்துத்தான் விற்பார்கள். அந்தப் பூச்சு தாங்குவதெல்லாம் காசு கை மாறும் வரைக்கும்தான்.

ரெக்ஸினாவது பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடும். அது இங்கிலாந்தில் துணி மேல் ரசாயனம் பூசிச் செய்த ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர். நம் நாட்டில் எல்லாச் செயற்கைத் தோலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பழைய ரெக்ஸின் சோபாவை ரெக்ஸின் விலைக்கு வாங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடைக்காரர் லைட்டரைப் பற்றவைத்து, “பாருங்க, முடி கருகுற வாசனை, அசல் தோல்” என்று காட்டினால் மயங்காதீர்கள். தோல் தூள் கலந்த பாண்டட் லெதரும் அப்படித்தான் நாறும். தண்ணீர் சொட்டுவிட்டுப் பார்க்கிற சோதனையும் உதவாது. மேல்பூச்சு போட்ட அசல் தோலும் தண்ணீரை உறிஞ்சாது. தோல் வாசனைக்கு ஸ்பிரே வந்துவிட்ட காலத்தில் மூக்கையும் நம்ப முடியாது.

நம்ப வேண்டியது அடிவயிற்றை. சோபாவைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் துணியின் ஒரு மூலையைப் பிரிக்கச் சொல்லுங்கள். சட்டத்தில் மடித்து அடித்திருக்கும் இடத்தில் தோலின் வெட்டு விளிம்பு தெரியும். அசல் தோலின் பின்புறம் மயிர் மயிராக நார் விட்டிருக்கும். பின்னல் துணியோ வலைத்துணியோ தெரிந்தால் அது தோல் இல்லை, அவ்வளவுதான். பிறகு முன்பக்கம் வந்து முதுகுப் பகுதியைப் பாருங்கள். மாட்டுத்தோலுக்கு ஓர் அளவு உண்டு, அதில் கொசுக்கடி, முள் கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாம் இருக்கும். ஆறேழு அடி முதுகில் ஒரு தையல்கூட இல்லாமல், ரேகை எல்லா இடத்திலும் ஒரே அச்சாக ஓடினால் அது சுருளாக வந்த சரக்கு என்று சந்தேகப்படுங்கள். கணக்கும் போட்டுப் பாருங்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிற பொருள். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு நூறு சதுர அடிக்குக் குறையாமல் பிடிக்கும். தோலுக்கு மட்டுமே என்ன விலை ஆகும் என்று விசாரித்துவிட்டு, மலிவாகச் சொல்பவர் எப்படிச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

அசல் தோலாகவே இருந்தாலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட முடியாது. நம் பக்கத்துத் தோல் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1989 வரை நாமும் இருந்த பழைய வடாற்காடு மாவட்டத்தில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் இருந்தன. குரோம் உப்பு வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். அந்தத் தோலுக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. ஆனால் பட்டை போட்டுப் பதப்படுத்திய பழைய தோலுக்கு ஒரு வியாதி உண்டு. காற்றிலுள்ள கந்தகப் புகையை அது உறிஞ்சும். உள்ளே அமிலம் ஊறும். நார் செத்துப்போய்ச் செங்கல் பொடி மாதிரி உதிரும். பழைய நூலகங்களில் தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்தால் கையெல்லாம் சிவப்பாகிறதே, அதுதான் இது. இதைத் திருப்ப முடியாது. வாங்குமுன் வெள்ளைக் கைக்குட்டையால் இருக்கையின் மடிப்புகளில் அழுத்தித் தேயுங்கள். சிவப்புப் பொடி ஒட்டினால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். அந்தச் சோபா பார்ப்பதற்குத்தான் லாயக்கு, மனிதர் உட்கார அல்ல.

வயதைப் பற்றிய பொய்யையும் அடிவயிறே காட்டிக்கொடுக்கும். ப்ளஸ் வாய் ஸ்க்ரூ உலகத்துக்கு வந்ததே 1930-களில், அமெரிக்காவில். ‘நூற்றைம்பது வருஷப் பழசு’ என்று சொல்கிற சட்டத்தில் அது திருகியிருந்தால் ஒன்று ரிப்பேர் பார்த்தது, அல்லது கதை.

உள்ளே என்ன குடியிருக்கிறது என்பது அடுத்த பயம். மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் ரத்தம் இல்லாமலே உயிரோடு கிடக்கும். விற்காத சோபாவில் பட்டினி கிடந்த பூச்சி உங்கள் வீட்டுக்கு வந்ததும் விருந்து சாப்பிடும். அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது பெயர் கெட்டுப்போகிற விஷயம். டார்ச் அடித்து, தையல் ஓரங்களை ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துப் பாருங்கள். மைப்புள்ளி போல் கறுப்புப் பொட்டுகள், வெளிர்ந்த தோல்கூடுகள் இருந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு பூச்சிமருந்தை மெத்தைக்குள் அடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். குழந்தைகள் முகம் புதைத்துத் தூங்குகிற இடம் அது. மரச்சட்டத்தில் குண்டூசித் துளைகளும், கீழே புதிதாக உதிர்ந்த வெளிறிய மாவும் இருந்தால் உளு உயிரோடு இருக்கிறது. பக்கத்திலிருக்கிற உங்கள் கதவு நிலைக்கும் ஏறும்.

வெள்ளத்தில் நனைந்த சரக்கா என்றும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் முதல் தேதி பெஞ்சல் புயல் மழையில் நம் மலையே சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது. நனைந்த சோபாவின் மேல்பக்கம் காய்ந்துவிடும், ஸ்பான்ஜுக்குள் பூஞ்சை தங்கிவிடும். ஸ்பிரிங்கில் துரு, சட்டத்தில் தண்ணீர்க் கோடு, இருக்கையை அழுத்தினால் வருகிற மக்கல் வாடை மூன்றும் சாட்சி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள்.

அரசாங்கச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கோயில் ஊர். சோபாவோடு சேர்த்து, தியானத்துக்கு என்று பழைய புலித்தோல் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. எவ்வளவு பழசு என்பது அங்கே எடுபடாது. அந்தக் காலத்துப் பாடம் செய்த தோல்களில் ஆர்சனிக் விஷமும் பூசியிருப்பார்கள். தேர்ச் சிற்பம், வாகனத்தின் கால் என்று கோயில் மரவேலையைப் பிரித்துச் செய்த டீப்பாயும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்க உரிமம் வேண்டும். அதை யாரும் காட்ட மாட்டார்கள். சாமி சொத்து நம் வீட்டில் எதற்கு?

இத்தனையும் தேறிய ஒரு நல்ல தோல் நாற்காலி கிடைத்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஜன்னல் வெயில் படாத இடத்தில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள். அது சிக்குப்பிடித்துப் பூஞ்சைக்குத் தீனியாகும். மழைக்காலத்தில் காற்று ஓடட்டும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஊர் வெக்கைக்குப் பிரம்பு பின்னிய பழைய தேக்குச் சாய்வு நாற்காலிதான் தகும். பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம், உள்ளே ஒளித்துவைக்க இடமே இல்லை.

அக்காவின் சோபா மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. தயவுசெய்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.