கருத்தடைக்குக் காப்பீடு கைகொடுக்குமா?

பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது, அடுத்த கருவுறுதலைத் தள்ளிப்போடுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. செலவு குறித்த ஐயமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்க வாய்ப்புண்டு. குழந்தை பிறந்த பின் அடுத்த கருவுறுதலுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

காப்பீட்டின் நிலை

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளுக்கென வகுக்கப்பட்ட பொதுவான விலக்குகளில் 17ஆம் குறியீடு, எவ்வகைக் கருத்தடையையும், கருத்தடை அறுவைச் சிகிச்சையையும், அதனை மீண்டும் மாற்றியமைக்கும் சிகிச்சையையும் உள்ளடக்குகிறது. எனவே தனிநபர் பாலிசியில் இச்செலவைத் திரும்பப் பெறலாம் என நம்பித் திட்டமிட வேண்டாம். பணியிடக் குழுக் காப்பீட்டின் விதிகள் வேறுபடலாம். சிகிச்சைக்கு முன்பே எழுத்து வடிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணமின்றிக் கிடைப்பவை

காப்பீடு இல்லையென்பதால் வழியே இல்லை என்று பொருளன்று. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பின்வருவன இலவசமாக வழங்கப்படுகின்றன:

• காப்பர்-டி: 380ஏ வகை 10 ஆண்டுகளும், 375 வகை 5 ஆண்டுகளும் பயன்தரும். பிரசவமான 48 மணி நேரத்திற்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம்.
• அந்தரா ஊசி: மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.
• சாயா மாத்திரை: ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை. பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம்.
• மாலா-என்: தினசரி மாத்திரை. பாலூட்டுவோர் முதல் ஆறு மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.
• ஆணுறை: பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது.
• ஆண், பெண் இருபாலருக்குமான குடும்பநல அறுவைச் சிகிச்சை.

தழும்பில்லா ஆண் கருத்தடை, பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைவிட எளியது, ஆண்மையைக் குறைப்பதில்லை. ஆயினும் மூன்று மாதங்கள் கழித்து விந்துப் பரிசோதனை உறுதிசெய்யும் வரை வேறொரு முறையும் தேவை.

அறுவைச் சிகிச்சை பலனளிக்காவிட்டால்

அரிதாக அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் கரு உருவாகலாம். அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்றவர்களுக்குக் குடும்பநல இழப்பீட்டுத் திட்டம் உள்ளது. சிகிச்சை தோல்வியுற்றால் மட்டுமன்றி, பின்விளைவுகளுக்கும் உயிரிழப்புக்கும் அதன்கீழ் இழப்பீடு கோரலாம். கோரிக்கையைத் தாமதமின்றி அளிக்க வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. ஆகவே ஒப்புதல் படிவத்தின் நகலையும் சிகிச்சைச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்புமுன்

எந்த முறை உங்கள் உடல்நிலைக்குப் பொருந்தும், அது எங்கே இலவசமாகக் கிடைக்கும், மீண்டும் எப்போது வரவேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் திரும்பிய பின் எழும் ஐயங்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம். முடிவு உங்களுடையது, எந்த முறையையும் ஏற்குமாறு உங்களை எவரும் வற்புறுத்தலாகாது.