மௌலா அலி குன்று எரிமலையா?

ஹைதராபாத்தில் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகருக்கு விருந்தாளி யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப்போவது மௌலா அலி குன்றுக்குத்தான். ஆட்டோவில் கொஞ்ச தூரம். மொட்டைப் பாறையைப் பார்த்ததும் பலரும் கேட்பார்கள்: “இது எரிமலையா?”

இல்லை. ஆனால் கேள்வியில் பாதி சரி. இந்தக் கிரானைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக இருந்தது. எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி ஆறும். இது வெளியே வரவே இல்லை. பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியது. மேலே மூடியிருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோன பிறகுதான் வெளியே தெரிந்தது.

சர்க்கரைப் பாகை அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் கற்கண்டு விளையும். சட்டென்று ஆறினால் கமர்கட்டு மாதிரி மணியில்லாமல் இறுகிவிடும். கல்லும் அப்படித்தான். வழியில் குனிந்து பாறையைக் கண்ணருகே பாருங்கள்: இளஞ்சிவப்பு மணி ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், கறுப்பாய் மின்னும் பொட்டு காக்காப்பொன். அஜந்தா குகைகளைக் குடைந்த பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய நிஜ எரிமலைக் குழம்பு. சட்டென்று ஆறியதால் அதில் இத்தனை பெரிய மணிகளைப் பார்க்க முடியாது.

மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை விரிந்து, வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காக உரியும். குன்று கவிழ்த்த சட்டிபோல் மொழுமொழுவென்று இருப்பது அதனால்தான்.

ஏறச் சுமார் 500 படிகள். உச்சி கடல்மட்டத்திலிருந்து 614 மீட்டர் என்றதும் மலைக்க வேண்டாம்; ஹைதராபாத்தே 500 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. ஹவாயில் டைமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலைக்கு உலகமே போய் ஏறுகிறது. அதன் உச்சியே 232 மீட்டர்தான். மதிய வெயிலில் மட்டும் போகாதீர்கள், பாறை அனலாய்க் கொதிக்கும். விடிகாலை நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும். உச்சியில் குதுப்ஷாஹி மன்னர்கள் காலத்து தர்கா. செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள்.

இந்த நகரத்தில் இதேபோன்ற எத்தனையோ பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து வீடு கட்டிவிட்டார்கள். மிஞ்சியவற்றைக் காப்பாற்றவே 1996-இல் ‘சொசைட்டி டு சேவ் ராக்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. 250 கோடி ஆண்டு நின்ற கல்லை ஒரு பிற்பகலில் உடைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இறங்கியதும் உடனே ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறை இருக்கிறது. தாய்க்காக அவர் எழுப்பிய கல்லறைக்குப் பக்கத்திலேயே, 1824-இல், அவரும் அடக்கமானார்.